கையில் பிடித்துக் கொளுத்த

போன வாரம் ஜெனிபர் போன் செய்தாள். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், எனக்குப் பிறகு டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறாளாம். வீட்டிலிருந்தே லேபிள் டிசைன் செய்ய வேண்டும், வேலை இல்லாத நேரம் கேம் விளையாட வேண்டும்.

"அக்கா, மேக் வாங்கட்டா, விண்டோஸ் வாங்கட்டா? ரெண்டுக்கும் தோதா எது இருக்கும்னு நீங்கதான் சொல்லணும்."

சாதாரணக் கேள்விதான். கடையில் போய்க் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஆனால் டிசைனையும் கேமையும் சேர்த்து அந்த இரண்டு பெயரையும் கேட்டதும் எனக்கு ஒரு ஆயுத பூஜை நாள் நினைவுக்கு வந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன் தாயி" என்று வைத்துவிட்டேன். அவளுக்கு நடந்தது தெரியாது. இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் யாருக்குமே தெரியாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா மல்லாங்கிணறு பக்கம் மானாவாரிக் காட்டில் கூலி வேலை பார்த்தவர். மழை ஏமாற்றிய ஒரு வருடம் எங்களைக் கூட்டிக்கொண்டு சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம் வந்து தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்துவிட்டார். நான் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் படித்தேன். அந்த ஒரு தகுதியை வைத்து அச்சகத்தில் எடுத்தார்கள். எழுத்துகளைப் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, ஒட்டிப் பக்கம் தயாரிக்கிற காலம் அது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது எங்கள் டிசைன் அறைக்கு நான்தான் பொறுப்பு. அவ்வளவுதான் என் படிப்பு.

அந்த அறையில் இரண்டு மேக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. அச்சகத்திலேயே ஏசி உள்ள ஒரே அறை அது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏதோ சன்னதிக்குள் போகிற மாதிரி பைண்டிங் பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பட்டாசு லேபிள், காலண்டர், தீப்பெட்டிப் படம் எல்லாம் அந்த இரண்டிலிருந்துதான் பிறந்தன.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். கலர் பார்ப்பதில் அவரை மிஞ்ச அப்போது சிவகாசியில் ஆள் குறைவு. அச்சடிப்பதற்கு முன் எடுக்கிற மாதிரித் தாளை, அதாவது புரூப்பை, அவர் பார்க்கிற முறையை நான் வேறு எங்கும் கண்டதில்லை. முதலில் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்கவே மாட்டார். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வருவார். இலை நிழல் தாளில் புள்ளிபுள்ளியாக விழாத இடமாகப் பார்த்து நிற்பார். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்புவார். நேராகப் பார்த்தால் படம் கண்ணை இழுத்துவிடுமாம். குழந்தை சிரிக்கிறது, சாமி நிற்கிறது என்றுதான் புத்தி போகுமாம். தலைகீழாக வைத்தால் படம் இருக்காது, கலர் மட்டும்தான் இருக்கும் என்பார். லென்சைக் கண்ணில் வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை ஊர்ந்து போவார். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "போகட்டும்" என்பார். அந்தச் சொல்லுக்காக நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

மிஷின்காரர் சங்கரபாண்டி அண்ணனும் அவரிடம்தான் தொழில் கற்றவர். அவரும் தலைகீழாகத்தான் பார்ப்பார்.

அண்ணாச்சியின் தம்பி ரவீந்திரன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து சேர்ந்தார். நாங்கள் சின்னவர் என்போம். என்னைவிட வயதில் இளையவர், கலகலப்பானவர், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். வந்த கொஞ்ச நாளிலேயே அவர் கண்ணில் மேக்குகள் உறுத்த ஆரம்பித்துவிட்டன.

"ஒரு மேக் வாங்குற காசுல ரெண்டு மூணு விண்டோஸ் மிஷின் வாங்கலாம் செல்விக்கா. பழுதானா இங்கனயே ஆள் இருக்கு. இதுக்கு மெட்ராசுல இருந்து ஆள் வரணும். அப்புறம் இதுல ஒரு கேம்கூட ஓட மாட்டேங்குது."

கடைசியாகச் சொன்னதை நான் வேடிக்கை என்று நினைத்தேன். அவர் திட்டமே அதுதான். காலண்டர் சீசன் முடிந்தால் டிசைன் அறை மாதக்கணக்கில் ஓய்ந்து கிடக்கும். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட விண்டோஸ் மிஷின்களாக வாங்கினால் சீசனில் லேபிள் செய்யலாம், ஓய்ந்த மாதங்களில் முன் அறையில் வைத்துக் கேம் சென்டர் நடத்தலாம். கல்லூரிப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரே மிஷின், இரண்டு தொழில்.

வாய்ப்பேச்சோடு நிற்காமல் ஒரு விண்டோஸ் மிஷினை வரவழைத்து என் மேக்குக்குப் பக்கத்திலேயே வைத்தார். கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டு அண்ணாச்சியை உட்கார வைத்தார். அண்ணாச்சி ஓட்டிய கார் நாலு தடவை சுவரில் முட்டியது.

"ஏலே, பிரேக்கு எங்கன இருக்கு?"

"அதை எதுக்குண்ணே தேடுதீக? போய்க்கிட்டே இருங்க."

அண்ணாச்சி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் மட்டும் இறுகிப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த தொழில் அத்தனையும் அந்த இரண்டு மேக்குக்குள் இருந்தது. ஒரு விளையாட்டு ஓடவில்லை என்பதற்காக அவற்றைத் தூக்கிவிடுவார்களா என்று திகைப்பாக இருந்தது. "கேம் ஓடும், சரி. நம்ம வேலை ஓடுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஓட்டிப் பாத்திருவோம்" என்றார்.

அப்போது விஸ்வநத்தத்தில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் செய்துகொண்டிருந்தேன். புதுச் சரக்கு. மின்னல் கதிர் என்று பெயர். மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியில் காகிதக் குழாய். பச்சையும் சிவப்புமாகப் பொறி கொட்டிவிட்டுக் கடைசியில் பட்டென்று வெடிக்கும். பார்ப்பதற்குக் கையில் பிடித்துக் கொளுத்துகிற பென்சில் மத்தாப்பு மாதிரியே இருக்கும். ஆனால் இதை மண்ணில் ஊன்றித்தான் கொளுத்த வேண்டும். அதனால் பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போடச் சொல்லியிருந்தார்கள். நான் அடித்த வாசகம் இதுதான்:

திறந்த வெளியில் மட்டும் கொளுத்தவும். சற்று விலகி நிற்கவும். கையில் பிடித்துக் கொளுத்த வேண்டாம். மண்ணில் ஊன்றவும்.

கம்பெனி மேனேஜர் வேலாயுதம் வந்து மேக் புரூப்பை ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த லேபிளையே அண்ணாச்சி பரீட்சைக்கு எடுத்துக்கொண்டார். சின்னவர் என் ஃபைலை விண்டோஸ் மிஷினுக்கு மாற்றி அதிலிருந்து ஒரு பிரிண்ட் எடுத்தார். என் மேக்கிலிருந்து ஒன்று. எது எதிலிருந்து வந்தது என்று சொல்லக் கூடாது என்று ஏற்பாடு.

நான் தாளைப் பார்க்கப் போனபோது அண்ணாச்சி தடுத்துவிட்டார். "நீ மேக்கு கட்சி, தள்ளி நில்லு தாயி. ஏலே ரவி, நீயும் தள்ளி நில்லு. நானும் சங்கரபாண்டியும் பாத்துக்கிடுதோம்."

கை கழுவினார்கள். மரத்தடிக்குப் போனார்கள். இரண்டு தாளையும் தலைகீழாக வைத்துக்கொண்டு லென்சை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு கட்சிக்காரர்களும் வாசற்படியில் நின்றிருந்தோம். வெகுநேரம் கழித்து அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"எனக்கு வித்தியாசம் தெரியல. ஒனக்கு?"

"அந்தச் செகப்பும் இந்தச் செகப்பும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார் சங்கரபாண்டி அண்ணன்.

"அப்ப விண்டோஸே போகட்டும்."

அவர் வாயால் அந்தச் சொல் வந்துவிட்டால் மறுபேச்சுக் கிடையாது. விண்டோஸ் ஃபைலிலிருந்தே அச்சுக்கான பிலிம் எடுத்தார்கள், பிளேட் போட்டார்கள், லட்சக்கணக்கில் அடித்துக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். நான் வருத்தத்தோடு அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மிஷினையெல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கைக் கம்பெனிகள் அன்பளிப்பாகப் பட்டாசுப் பெட்டி அனுப்புவது வழக்கம். மின்னல் கதிரும் வந்திருந்தது. தன் மிஷினில் பிறந்த முதல் லேபிள் என்று சின்னவருக்கு அதன்மேல் தனிப் பிரியம். நல்ல வெயிலிலேயே ஒன்றைக் கொளுத்திக் காட்டுகிறேன் என்று முற்றத்துக்கு எடுத்து வந்தார்.

"பாத்து, பாத்து. அது கைல பிடிக்கிறதா, கீழ வைக்கிறதா?" என்று சங்கரபாண்டி அண்ணன் கேட்டார்.

சின்னவர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைச் சத்தமாகவே படித்தார். "திறந்த வெளியில் மட்டும் கொளுத்தவும். சற்று விலகி நிற்கவும். கையில் பிடித்துக் கொளுத்த. கைல பிடிச்சுக் கொளுத்துறதுதாண்ணே. எல்லாரும் கொஞ்சம் வெலகிக்கிடுங்க."

நாங்கள் விலகினோம். அவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கொளுத்தினார். பச்சைப் பொறி கொட்டியது. பைண்டிங் பெண்கள் கை தட்டினார்கள். சிவப்பாக மாறியது. சின்னவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

வெடிச் சத்தம் எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. சின்னவர்கூடக் கத்தவில்லை. தன் வலது கையைத் தானே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியில் ரத்தம் சொட்டியது. யாருடைய கையையோ பார்ப்பது போல அவர் பார்த்த அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகுதான் யாரோ ஒரு பெண் அலறினாள். அண்ணாச்சி தன் துண்டை அந்தக் கையில் சுற்றித் தம்பியைக் காரில் ஏற்றினார்.

கார் போன பிறகு கீழே கிடந்த பெட்டியை எடுத்தேன். என் காதில் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது. அவர் வாசித்தது என் வாசகம், ஆனால் என் வாசகம் அப்படி முடியாது. பின்பக்கத்தைப் பார்த்தேன். கட்டத்தின் கடைசி வரி "கையில் பிடித்துக் கொளுத்த" என்று முடிந்திருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. எழுத்து தேயவில்லை, அழியவில்லை. பளிச்சென்று, அழகாக, நேர்த்தியாக முடிந்திருந்தது. ஆங்கிலத்தில் பக்கவாட்டில் பொடி எழுத்தில் எச்சரிக்கை சரியாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு வெடி வாங்குகிறவர்களில் யார் அதைத் தேடிப் படிக்கப் போகிறார்கள்? தமிழில் நாங்கள் அச்சடித்துக் கொடுத்திருந்தது எச்சரிக்கை இல்லை, செய்முறை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சி தாழ்வாரத்தில் நின்றிருந்தார். உள்ளே முதலுதவி நடந்துகொண்டிருந்தது, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு முறை படித்தார். விரலை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம் எங்க?"

ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

அந்த இடத்திலிருந்தே வேலாயுதத்துக்குப் போன் போட்டார். மேனேஜர் பேசியது எனக்கும் கேட்டது. "பாதிக்கு மேல லோடு போயிருச்சு அண்ணாச்சி. சீசன் நேரத்துல எப்படித் திருப்ப? லேபிளுக்குப் பின்னால இருக்கிறதையெல்லாம் எவன் படிக்கிறான்? விட்டுருங்க."

"என் தம்பி படிச்சான்" என்றார் அண்ணாச்சி.

பிறகு வேலாயுதம் ஈனக் குரலில், "லாரி நம்பரெல்லாம் எடுக்கச் சொல்லுதேன்" என்றார்.

அச்சகத்துக்குத் திரும்பி மேக்கில் என் ஃபைலைத் திறந்தேன். முழு வாசகமும் இருந்தது. விண்டோஸ் மிஷினில் திறந்தேன். கட்டம் "கொளுத்த" என்பதோடு முடிந்தது. கட்டத்தின் கீழ் ஓரத்தில் சின்னதாகச் சிவப்புக் குறி ஒன்று. உள்ளே இன்னும் எழுத்து இருக்கிறது, இடம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டு மிஷினிலும் தமிழ் எழுத்துருவுக்குப் பெயர் ஒன்றுதான். ஆனால் விண்டோசில் போட்டிருந்த எழுத்து மயிரிழை அகலம் கூடுதல். ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, கடைசிச் சொற்கள் கட்டத்துக்கு வெளியே போய்விட்டன. திரையில் மட்டும் தெரிகிற அந்தக் குறி அச்சில் வராது. மேலே எதையும் தொடாமல் அணைத்துவிட்டேன்.

மேக்கிலேயே ஸ்டிக்கர் தயார் செய்தேன். சந்தனம் காயாத மிஷினை ஓட்டி சங்கரபாண்டி அண்ணன் அடித்துக் கொடுத்தார். மறுநாள் காலை பைண்டிங் பெண்கள் எல்லோரோடும் நானும் விஸ்வநத்தம் குடோனுக்குப் போனேன். கம்பெனி ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒட்டினோம். ஒவ்வொரு பெட்டியிலும் அதே வரி. ஒட்ட ஒட்ட அது வந்துகொண்டே இருந்தது. திருநெல்வேலி போன லாரியைப் பாதி வழியில் திருப்பிவிட்டார்கள். மதுரைக் கடைகளுக்கு ஆட்கள் போய்ப் பெட்டிகளை வாங்கி வந்தார்கள். கைக்கு வராமல் போன பெட்டிகளுக்காகப் பேப்பரில் அறிவிப்புக் கொடுத்தார்கள். எல்லாப் பெட்டியும் கிடைக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு வந்த பேப்பரை விரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கணவரைப் படிக்கச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றேன். யாருக்கும் ஏதும் ஆனதாக எங்களுக்குச் செய்தி வரவில்லை. வரவில்லை என்றால் நடக்கவில்லை என்றுதானா அர்த்தம்?

சின்னவருக்கு மதுரையில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பாதிப் பாதி போய்விட்டது. அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அண்ணாச்சி என் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

"எந்த மிஷின் தாயி தப்புப் பண்ணுச்சு?"

நடந்ததை விளக்கினேன். மேக்கும் சரி, விண்டோசும் சரி, தனக்குச் சொன்னதைத்தான் செய்தன. வேலாயுதம் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார், அது மேக் தாள். சின்னவருக்கு அந்தச் சிவப்புக் குறிக்கு அர்த்தம் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை. கலர் பார்த்தவர்கள் கலரைச் சரியாகவே பார்த்தார்கள்.

"அப்ப யாருமே தப்புப் பண்ணலைங்கியா?"

அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. யார்மேலாவது ஒரு தப்பைச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தலைகீழா வச்சுப் பாத்தனே தாயி" என்றார் கடைசியில்.

அதற்குப் பிறகு அச்சகத்தில் முறை மாறியது. பிலிம் வந்ததும் ஒருவர் பிலிமைச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். அதன் பிறகுதான் கலர். ஒரு மிஷினில் பிறந்த தமிழ் வேலை அதே மிஷினில்தான் முடிய வேண்டும். மேக்கும் இருந்தது, விண்டோசும் இருந்தது. கேம் சென்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து முறையே மாறிவிட்டது, இந்த மாதிரி நடப்பது குறைவு என்கிறார்கள். இருக்கலாம். ஜெனிபருக்கு நான் சொல்லப் போவதும் இவ்வளவுதான்: விளையாட வேண்டும் என்றால் விண்டோஸ் வாங்கு, தோது. டிசைனுக்கு எதை வாங்கினாலும் சரி. ஆனால் ஃபைல் இடம் மாறி வந்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படி.

தை பிறந்த பிறகு சின்னவர் அச்சகத்துக்கு வந்தார். கையில் கட்டு இன்னும் இருந்தது. நேராக டிசைன் அறைக்கு வந்து விண்டோஸ் மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்த ஃபைலைத் தொறங்க செல்விக்கா."

"எதுக்கு இப்ப? வேண்டாமே."

"தொறங்க."

திறந்து கொடுத்தேன். மவுசை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பழக்கமில்லாத கை, அம்பு திரையில் தத்தித் தத்தி அலைந்தது. நான் செய்கிறேன் என்றேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஒருவழியாகக் கட்டத்தின் கீழ் ஓரத்தைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தார். "வேண்டாம்" என்ற சொல் வந்தது. அதன் பின்னால் "மண்ணில் ஊன்றவும்" வந்தது. சிவப்புக் குறி போய்விட்டது.

"இங்கனயேதான் இருந்திருக்கு" என்றார்.

கட்டத்தை மேலே தள்ளினார். சொல் மறைந்தது. மறுபடி இழுத்தார். வந்தது. மறுபடி தள்ளினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. கடைசியாக ஒரு முறை இழுத்துவிட்டு மவுசை விட்டு எழுந்தார். மிஷினை அணைக்காமலே வெளியே போய்விட்டார்.

எனக்கும் அதை அணைக்கக் கை வரவில்லை. சாயங்காலம் கரண்ட் போகிறவரை அந்தச் சொல் திரையிலேயே இருந்தது.